பத்து சென்ட் பாரம்

ஓட்டாராவில் சனிக்கிழமைச் சந்தை கூடும் கார் நிறுத்தத்தின் ஓரத்தில், பன்றிக்கறி பன் விற்கும் வண்டிக்கும் சேப்பங்கிழங்கு மூட்டைகளுக்கும் நடுவே, பெலெனாதோ பதினோரு வருஷமாக ஒரே இடத்தில் மேசை போடுகிறான். மேசைமேல் இசைத்தட்டைச் சுழற்றும் பழைய டர்ன்டேபிள்கள், இரண்டின் பாட்டையும் கலக்கும் மிக்சர்கள், ஒரு பெட்டி ஊசிகள். வாரநாட்களில் அவன் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு குளிர்பதனக் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறான். சனிக்கிழமை மட்டும் அவன் பெலே. ஆக்லாந்தின் தெற்குப் பக்கத்தில் இசைத்தட்டு வைத்து டீஜே வேலை பழக ஆசைப்படும் யாரும், கையில் காசு குறைவாக இருந்தால், முதலில் அவனிடம்தான் வருவார்கள்.

யாரும் அவனுக்குக் கற்றுக் கொடுக்கவில்லை. பத்தொன்பது வயதில் உறவுக்காரன் வீட்டு காரேஜில் செத்துக் கிடந்த ஒரு டர்ன்டேபிளைத் திறந்தான். திருப்பி மூடியபோது இரண்டு திருகாணி மிச்சமிருந்தது, பாட்டு இழுத்து இழுத்து ஓடியது. மறுபடி திறந்தான். அப்படித் திறந்து மூடியே, எந்தச் சத்தம் எந்த இடத்திலிருந்து வருகிறது என்று காதாலேயே சொல்லும் அளவுக்கு வந்துவிட்டான்.

அவன் சொல்லும் யோசனை எப்போதும் ஒன்றுதான். பெல்ட்டால் சுற்றும் மாடலை இனாமாகக் கொடுத்தாலும் வாங்காதே. கையால் நிறுத்திப் பிறகு விட்டால் அது வேகம் பிடிப்பதற்குள் தாளம் போய்விடும். மோட்டார் நேராகத் தட்டைச் சுழற்றுகிற வகையில், பெரிய பெயர் இல்லாத கம்பெனியாகப் பார்த்துப் பழசில் இரண்டு வாங்கு. இரண்டும் ஒரே மாடலாக இருக்கட்டும். மிக்சரில் இரண்டு டர்ன்டேபிளுக்கு இடமும், ஒன்றிலிருந்து மற்றதற்கு மாற நடுவில் ஒரு நகர்த்தியும் போதும். ஸ்பீக்கர் வாங்காதே, வீட்டில் இருப்பதிலேயே போடு. பழகுவதற்கு, பழைய சாமான் விற்கும் தர்மக்கடையில் ஒரு டாலருக்குக் கிடைக்கும் தட்டுகளை வாங்கு. நாசமானால் அழ வராத தட்டாக இருக்க வேண்டும். எல்லாவற்றிலும் மிச்சம் பிடி, ஊசியில் மட்டும் பிடிக்காதே.

ஒருமுறை தங்கச் சங்கிலி போட்ட ஓர் ஆள், பக்கத்துக் கடையில் வாங்கிய மிக்சரைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

"எப்படி ப்ரோ? லைட் எல்லாம் எரியுது பாரு."

"ஃப்ரிட்ஜைத் திறந்தாக்கூட எரியும்" என்றான் பெலெனாதோ. "உள்ள என்ன இருக்குன்னு சொல்லு."

அவனிடம் ஒரு பழக்கம் உண்டு. விற்கும் ஒவ்வொரு ஊசியையும் தபால்தலை சேர்க்கிறவர்கள் வைத்திருக்கும் சின்ன உருப்பெருக்கியில் பார்ப்பான். பிறகு வாங்குகிறவரையும் பார்க்கச் சொல்வான். முனை உருண்டையாக இருந்தால் நல்லது, உளி மாதிரி தட்டையாகியிருந்தால் குப்பை. தேய்ந்த ஊசி பாட்டை எடுக்காது, உழும் என்பான். அதனால்தான் அவன் பெயர் பரவியது.

செனெரீதா அவனிடம் வந்தது ஒரு மார்ச் மாதச் சனிக்கிழமை. ஐம்பத்து மூன்று வயது. மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் பிற்பகல் வேலை. தோளில் ஒரு துணிப்பையும் தலையில் பூச்செருகிய கொண்டையுமாக வந்து, மேசையைப் பார்க்காமல் அவனைப் பார்த்தாள்.

"நீதான் பெலேவா? வேலை செய்யற இடத்துல சொன்னாங்க, பேசியே கொல்லுவான், ஆனா ஏமாத்த மாட்டான்னு."

"முதல் பாதி நிஜம்க்கா."

"அப்போ ரெண்டாவது பாதியையும் காட்டு. எனக்கு டீஜே சாமான் வேணும்."

"யாருக்கு? பையனுக்கா?"

"ஏன், எனக்குக் காது இல்லையா?"

பன் வண்டிக்காரி சிரித்துவிட்டாள். செனெரீதா அவளைப் பார்த்தும் பேசத் தொடங்கினாள். ஜூனில் அவர்கள் தேவாலயச் சபைக்கு ஐம்பதாவது ஆண்டு விருந்து. "போன வருஷம் ஒருத்தன் வந்தான், எண்ணூறு டாலர் வாங்கிட்டு எல்லாம் போன்லயே போட்டான். நடுவுல அவன் அம்மா கூப்பிட்டாங்க. ஹால் முழுக்க ரிங்டோனுக்கு ஆடுச்சு. அப்பவே கமிட்டியில சொல்லிட்டேன், அடுத்த விருந்துக்கு நான் போடறேன்னு. நம்ம ஆளுங்க வீட்ல எல்லாம் அந்தக் காலத்துத் தட்டு சும்மாதானே கிடக்கு? வீட்டுக்கு ஒண்ணா கேட்டு வாங்கி வெச்சிருக்கேன்."

பெலெனாதோவுக்கு அது எந்த மாதிரித் தட்டு என்று தெரியும். அவன் வீட்டிலும் உண்டு. காரேஜ் விருந்துகளுக்கு வீடு வீடாகப் போய்த் திரும்பிய தட்டுகள். தொலையக் கூடாதென்று நடுவிலிருக்கும் காகிதத்தில் பேனாவால் குடும்பத்தின் பெயரை எழுதியிருப்பார்கள். சொந்தத் தீவிலிருந்து வந்த வாத்தியக் கோஷ்டிகள், சபைப் பாடகர் குழுக்கள். முந்நூறு நானூறு பிரதிதான் அடித்திருப்பார்கள், இன்னொன்று தேடினால் கிடைக்காது. இரவல் வாங்கிய தட்டுகள் என்று அவள் சொன்னது அவன் காதில் விழுந்தது. பழகுவதற்கு ஒரு டாலர் தட்டு வாங்கு என்று அவன் சொல்லியிருக்க வேண்டிய இடம் அது. சொல்லவில்லை.

அவளிடம் ஐந்நூறு டாலர் இருந்தது. அன்று மேசையில் ஒரு நல்ல ஜோடி இருந்தது. மிக்சரும் ஹெட்ஃபோனும் தட்டுக்கு அடியில் போடும் கம்பளித் துணியும் சேர்த்து அந்தக் காசுக்குச் சரியாக வரும். புது ஊசி ஜோடி போட்டால் இன்னும் நூற்று அறுபது ஆகும். அதற்கும் அவனுக்கு வழி தெரியும். மிக்சரை இறக்கி, ஒரு குமிழ் கரகரக்கும் பழைய மிக்சரைக் கொடுத்துவிட்டு, மிஞ்சுவதை ஊசியில் போடலாம். நூறு பேருக்கு அப்படித்தான் செய்திருக்கிறான்.

அன்று அவனிடம் இருந்தது ஒரே ஒரு புது ஜோடி. அன்று சாயங்காலம் பாப்பாதோயிதோயியில் ஒரு கல்யாணத்துக்கு அவனே பாட்டுப் போட வேண்டும். தன்னுடைய ஊசிகள் இரைய ஆரம்பித்துவிட்டன என்று வியாழக்கிழமைதான் கழற்றித் தீப்பெட்டிக்குள் போட்டிருந்தான். அந்தத் தீப்பெட்டி காசுப் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்தது. அதைத் திறந்து, அந்த இரண்டையும் செனெரீதாவின் டர்ன்டேபிள்களில் மாட்டினான்.

"கண்ணாடி வெச்சுப் பாக்க மாட்டியா? எல்லாருக்கும் பாப்பியாமே."

"பாத்தாச்சுக்கா."

பார்க்கவில்லை. பார்த்தால் தெரிந்துவிடும் என்பதால் பார்க்கவில்லை.

அவள் அங்கேயே ஒரு தட்டை வைத்து, அவன் காட்டியபடி முன்னும் பின்னும் நகர்த்திப் பார்த்தாள். ஊசி துள்ளியது. மறுபடி வைத்தாள், மறுபடி துள்ளியது. பெலெனாதோ காசுப் பெட்டியிலிருந்து ஒரு பத்து சென்ட் நாணயத்தை எடுத்து ஊசித்தலையின் மேல் வைத்து டேப் ஒட்டினான். இன்னொன்றுக்கும் அப்படியே. ஊசி அடங்கியது.

"இது என்ன வைத்தியம்?"

"எங்க காரேஜ்ல எல்லாரும் இப்படித்தான் ஆரம்பிச்சோம். ஒரு மாசம் ஓட்டுங்க. அப்புறம் நானே புது ஊசி கொண்டு வந்து போடறேன்."

அவர்கள் எல்லாரும் அப்படித்தான் ஆரம்பித்தார்கள் என்பது உண்மை. அப்படி ஆரம்பித்தவர்கள் வீட்டில் இன்று அந்தக் காலத்துத் தட்டு ஒன்றுகூட உருப்படியாக இல்லை என்பதும் உண்மை. மூன்று கிராம் அழுத்த வேண்டிய இடத்தில் பத்து சென்ட் ஏறினால் ஆறுக்கு மேல். தேய்ந்த முனையின்மேல் அந்தப் பாரம் ஏறினால் என்ன ஆகும் என்று இந்தப் பக்கத்தில் அவனைவிட நன்றாகத் தெரிந்தவர் கிடையாது.

அவள் காரில் ஏற்றிக்கொண்டு போனபோது அவன் மனதில் ஓடியதும் அவனுக்குத் தெரியும். வாங்குகிற பத்துப் பேரில் ஆறு பேர் இரண்டு மாதத்தில் அலமாரிக்குள் தள்ளிவிடுவார்கள். சலவைக்கூடம், சபை, குடும்பம், ஐம்பத்து மூன்று வயது. இவளும் தள்ளிவிடுவாள் என்று நினைத்தான்.

ஏப்ரலில் மீன்கடையில் அவளைப் பார்த்தான். அவளே கூப்பிட்டாள்.

"ஸோலே தம்பி, பெலே! உன் வாத்தியம் என்னை விட மாட்டேங்குது. தினம் காலையில ஒன்பதுல இருந்து பதினொண்ணு வரைக்கும். வீட்டுக்காரர் கூட்டுறவு சங்கத்துல போய் உக்காந்துக்கறாரு, அவ்வளவு தொல்லை."

"தினமுமா?"

"ஞாயிறு தவிர. ஒரே தட்டுல ஒரே இடத்தை முப்பது தடவை போடறேன். இப்போ கண்ணை மூடிட்டு ஆரம்பத் தாளத்தைப் பிடிச்சிடுவேன்." அவள் மீன் பையைக் கைமாற்றிக்கொண்டாள். "அந்தப் புது ஊசி எப்போ?"

"அடுத்த வாரம்க்கா."

வீட்டுக்கு வரும் வழியில் அவன் கணக்குப் போட்டான். ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம், வாரத்துக்கு ஆறு நாள், நான்கு வாரம். கல்யாணத்துக்கு எடுத்துப் போன புது ஊசிகள் இன்னும் அவன் பெட்டியில்தான் இருந்தன. எடுத்துக்கொண்டு போய் மாட்டிவிட்டு வர அரை மணி நேரம் போதும். ஆனால் போனால் அவள் தட்டை வைத்துக் காட்டுவாள். அதை அவன் கேட்க வேண்டியிருக்கும். அந்த வாரம் கிடங்கில் கூடுதல் வேலை என்று சொல்லிக்கொண்டான். அடுத்த வாரம் மழை. அதற்கடுத்த வாரத்துக்குக் காரணம்கூடத் தேடவில்லை.

மே மாதம் ஒரு புதன்கிழமை மாலை, வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, அவள் அவன் வீட்டு வாசலில் கார் நிறுத்தினாள். பின்பக்கத்தில் டர்ன்டேபிள்கள். மடியில் ஏந்தியபடி ஒரு பெட்டித் தட்டுகள். பெலெனாதோவின் மனைவி ஒசானா காரேஜ் கதவைத் தூக்கிவிட்டாள்.

"எடுத்துக்கோ" என்றாள் செனெரீதா. "காசு ஒண்ணும் வேணாம். இது எனக்கு வராது."

"என்ன ஆச்சுக்கா?"

"என் கை. முப்பது வருஷமா ஈரப் போர்வை தூக்கின கை. பாரமா இருக்கு. நீ எவ்வளவோ மெதுவாத் தொட்டுக் காட்டின, எனக்கு வரல. எல்லாத் தட்டையும் கெடுத்துட்டேன்."

அவள் ஒரு தட்டை எடுத்து, அவனுடைய டர்ன்டேபிளில் வைக்கச் சொன்னாள். நடுவில் பேனாவால் 'உவெலெசே குடும்பம்' என்று எழுதியிருந்தது. வைத்தான். கிடார் வர வேண்டிய இடத்தில் முதலில் இரைச்சல் வந்தது, வாணலியில் எண்ணெய் காய்கிற மாதிரி. அப்புறம் நான்கு பேர் சேர்ந்து பாடினார்கள். குரல் உயரும்போதெல்லாம் துணி கிழிகிற மாதிரிக் கேட்டது. ஒசானா முகத்தைச் சுளித்துக்கொண்டு உள்ளே போனாள்.

"மார்ச்சுல இது தண்ணி மாதிரி இருந்துச்சு" என்றாள் செனெரீதா.

பெலெனாதோ அவள் டர்ன்டேபிளைத் தூக்கி மேசைமேல் வைத்தான். ஊசித்தலையின்மேல் இப்போது ஒன்றுக்கு இரண்டு நாணயங்கள்.

"துள்ளிக்கிட்டே இருந்துச்சு" என்றாள் அவள். "நீ ஒண்ணு வெச்ச, நான் இன்னொண்ணு வெச்சேன். அப்பவும் என் கை மாறல. விரல்ல நூல் கட்டிக்கிட்டுக்கூடப் பழகினேன், லேசாத் தொடணும்னு. உன் ஊசியையும் வீணாக்கியிருப்பேன், மன்னிச்சுக்கோ பெலே."

அவன் உருப்பெருக்கியை எடுத்தான். வைர முனை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சின்ன உளி இருந்தது. ஒரு பக்கம் உடைந்தும் இருந்தது.

அந்த நொடியில் சொல்லியிருக்கலாம். அவள் எதிரில்தான் உட்கார்ந்திருந்தாள், வேறு யாரும் இல்லை.

"யாருக்காவது தெரியுமா?" என்று கேட்டான்.

"உவெலெசே அங்கிளுக்குச் சொன்னேன். இரவல் தட்டுல அவருதுதானே முதல்ல போச்சு. சொல்லாம எப்படி இருக்கறது? கமிட்டியில எல்லார் முன்னாலயும் சொன்னாரு, கிழங்கு தோண்டற கைக்கு எதுக்கு இசைத்தட்டுன்னு. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன்." அவள் தன் உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்தாள். "மிச்சம் இருபத்தோரு வீட்டுக்கு இன்னும் சொல்லல. ஞாயித்துக்கிழமை சொல்லிட்டு விருந்து வேலையிலேர்ந்தும் விலகிக்கறேன்."

"பெட்டியை இங்கயே வெச்சிட்டுப் போங்க. எதெது கெட்டிருக்குன்னு பாக்கறேன்."

அதுதான் அவன் வாயிலிருந்து வந்தது. அவள் அதற்கும் நன்றி சொல்லிவிட்டுப் போனாள்.

இருபத்து மூன்று தட்டுகளையும் அவன் இரண்டு ராத்திரி கண்விழித்து உட்கார்ந்து கேட்டான். புது ஊசி போட்டு, சின்னத் தராசில் ஊசியின் பாரத்தை நிறுத்துப் பார்த்து, இரண்டு பக்கமும் முழுதாக. ஐந்து தட்டுகளை அவள் ஒருமுறைகூடத் தொட்டிருக்கவில்லை. சிலவற்றில் ஒரு பாட்டு மட்டும் கொஞ்சம் இரைந்தது. பதினொன்று போய்விட்டது. எங்கே அதிகம் போயிருந்தது என்பதில் ஓர் ஒழுங்கு இருந்தது. அவன் சந்தையில் காட்டிக் கொடுத்த அதே இடம், பாட்டு தொடங்கும் முதல் தாளம். அங்கேதான் அவள் முப்பது தடவை முன்னும் பின்னும் நகர்த்தியிருக்கிறாள். சோம்பேறியாக இருந்திருந்தால் தட்டுகள் பிழைத்திருக்கும். இவளும் அலமாரிக்குள் தள்ளிவிடுவாள் என்று நினைத்தது நினைவுக்கு வந்தபோது, அவன் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தான்.

வேறு ஒன்றும் அவன் காதுக்குத் தெரிந்தது. கொஞ்சமே இரைந்த பாட்டுகளில் அவள் தொட்டு நிறுத்திய தடம் எங்குமே இல்லை. கனத்த கை தட்டை நிறுத்தினால் பள்ளத்தில் ஒரு வழுக்கல் விழும். அப்படி ஒன்றுகூட இல்லை. அவளுடையது லேசான கை. அவனுடையதைவிட லேசான கை.

வெள்ளிக்கிழமை ஒசானா காரேஜுக்கு வந்து, அடுக்கி வைத்திருந்த இரண்டு குவியல்களையும் பார்த்தாள்.

"அவ கையினாலயா இப்படி ஆச்சு?"

"இல்ல."

"அவகிட்டச் சொன்னியா?"

"புது ஊசி எடுத்து வெச்சிருக்கேன். சரி பண்ணிட்டேன், இனிமே வராதுன்னு சொல்லிக் குடுத்துடலாம்னு..."

"நான் அதைக் கேக்கல."

அவன் தராசைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"நாளைக்குச் சந்தைக்குப் போவியா?" என்றாள் ஒசானா.

"போகல."

"நல்லது. வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு வெக்கறேன்."

"எதுக்கு வெள்ளைச் சட்டை? அவ வீட்டுக்குத்தானே?"

"அவ வீட்டோட முடிஞ்சிடும்னு நினைக்கிறியா?" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

சனிக்கிழமை காலை செனெரீதா தன் வீட்டுப் பின்கட்டில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். பெலெனாதோ பெட்டியையும் டர்ன்டேபிள்களையும் படியில் வைத்துவிட்டு நின்றுகொண்டே சொன்னான். உட்காரச் சொல்வாளோ என்று பயந்து வேகமாகச் சொன்னான். ஊசி தேய்ந்தது. கல்யாணத்துக்குப் போவதற்காக நல்லதை வைத்துக்கொண்டேன். கண்ணாடி வைத்துப் பார்க்கவில்லை, பார்த்தேன் என்று சொன்னேன். நாணயம் வைத்தால் தட்டு போய்விடும் என்று தெரியும். உங்கள் கையில் ஒரு குறையும் இல்லை.

அவள் ஒரு துண்டை உதறிக் கொடியில் போட்டுக் கிளிப் மாட்டினாள்.

"தெரியும்னா, எப்போ தெரியும்?"

"அன்னைக்கே."

"அன்னைக்கேன்னா, சந்தையிலயா? நான் ஐந்நூறு டாலரை எண்ணி வெச்சேனே, அப்பவா?"

"அப்பவே."

"மீன்கடையில பாத்தப்போ?"

"தெரியும்."

"புதன்கிழமை உன் காரேஜ்ல உக்காந்து உன்கிட்ட மன்னிப்புக் கேட்டேனே."



இன்னொரு துண்டை எடுத்தாள். அதை உதறவில்லை. "ரெண்டு மாசமா என் கையைத் திட்டிக்கிட்டிருந்தேன், பெலே. கூட வேலை செய்யறவ, 'என்னக்கா போர்வையை முட்டை மாதிரி பிடிக்கிறே'ன்னு கேட்டா. அவ்வளவு மெதுவாப் பிடிச்சேன்."

"காசைத் திருப்பிக் குடுத்துடறேன்க்கா. டர்ன்டேபிளும் உங்களுக்கே."

"யாருக்கு வேணும் உன் காசு?" இப்போதுதான் அவள் குரல் ஏறியது. "எத்தனை நல்லா இருக்கு?"

"பன்னிரண்டு. அதுல அஞ்சு சுத்தமா."

"பன்னிரண்டு போதும். விருந்து நடக்கும், நான்தான் போடுவேன். ஊசியை என் கண்ணு முன்னால மாட்டு." அவன் மாட்டி, தராசில் நிறுத்துக் காட்டும்வரை பக்கத்திலேயே நின்றாள். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு கார் சாவியை எடுத்தாள். "பெட்டியோட ஏறு."

"எங்கேக்கா?"

"என்கிட்டச் சொன்னதை அங்கிள்கிட்டச் சொல்லணும். வார்த்தை மாறாம."

உவெலெசே ஒரு காலத்தில் பஸ் ஓட்டியவர். இப்போது சபைக் கமிட்டியில் தலைவர். தன் வீட்டு காரேஜில் நாற்காலி போட்டுக் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். பெலெனாதோ பாயில் கால் மடக்கி உட்கார்ந்து, தலை குனிந்து சொன்னான். அவர் நடுவில் ஒரு தடவைகூடக் குறுக்கிடவில்லை. முடித்ததும் தன் தட்டைக் கேட்டார். அவன் கொடுத்தான். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். பள்ளங்கள் சாம்பல் நிறமாக இருந்தன.

"இதுல பாடறவங்கள்ல ரெண்டு பேர் என் அண்ணனுங்க" என்றார். "அது போகட்டும். நான் இவளை என்ன சொன்னேன்னு உனக்குத் தெரியுமா?"

"சொன்னாங்க."

"கமிட்டி மொத்தமும் சிரிச்சுச்சு. நான்தான் சிரிக்க வெச்சேன்." அவர் செனெரீதாவைப் பார்க்காமல் தட்டை உறைக்குள் போட்டார். "இப்போ நான் அவகிட்ட தனியா மன்னிப்புக் கேட்டா போதுமா? நீ என்கிட்ட தனியாச் சொன்னா போதுமா? அங்க சிரிச்ச ஒவ்வொருத்தனும் அவங்கவங்க வீட்ல போய்ச் சொல்லியிருப்பான்."

"அங்கிள், இருபத்தோரு வீட்டுக்கும் நான் போறேன்."

"வீடு வீடாப் போனா ஒவ்வொரு வீட்லயும் டீ குடுப்பாங்க, உனக்குச் சௌகரியமா இருக்கும். நாளைக்கு ஆராதனை முடிஞ்சதும் ஹாலுக்கு வா. முதல்ல நான் எந்திரிச்சுப் பேசறேன். அப்புறம் நீ."

பெலெனாதோ கத்தோலிக்கன். அந்த ஹாலுக்குள் அதுவரை அவன் போனதில்லை. மறுநாள் வெள்ளைச் சட்டை போட்டு, வேட்டி மாதிரி இடுப்பில் சுற்றும் கருப்பு லாவாலாவா கட்டிக்கொண்டு, ஒசானாவோடு கடைசி வரிசையில் உட்கார்ந்தான். ஒரு பக்கம் டீப் பாத்திரம் கொதித்துக்கொண்டிருந்தது, தாம்பாளங்களில் தேங்காய்ப்பால் பன் அடுக்கியிருந்தது. உவெலெசே எழுந்து, கமிட்டியில் தான் சொன்ன வார்த்தையைத் திருப்பிச் சொல்லி, அது தப்பு என்றார். பிறகு கையைக் காட்டினார். பெலெனாதோ எழுந்து முன்னால் போனான். அதே வார்த்தைகளைச் சொன்னான். மூன்றாவது தடவை என்பதால் சுலபமாக இருக்கும் என்று நினைத்திருந்தான். இல்லை.

பின்னாலிருந்து ஒருவர் கேட்டார். "தம்பி, உன் சபை எது?"

"கத்தோலிக்க சபைங்க."

"அங்கதான் பாவத்தைச் சொல்றதுக்குன்னே ஒரு கூண்டு வெச்சிருப்பாங்களே. அதுல சொல்லியிருக்கலாமே."

ஹாலில் கொஞ்சம் சிரிப்பு எழுந்தது.

"அங்க ஃபாதர் மட்டும்தான் கேப்பாரு" என்றான் பெலெனாதோ.

சிரிப்பு நின்றுவிட்டது. யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் நிற்பதற்கு ஒரு பிடி கிடைத்திருக்கும். செனெரீதா பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து மேசைமேல் வைத்தாள், தட்டுக் கொடுத்தவர்கள் வந்து கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்றாள். அவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். அவன் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து பெயரைக் கேட்டான், தட்டை எடுத்தான், என்ன ஆயிற்று என்று சொன்னான். நன்றாக இருக்கிறது என்று சொன்ன இடங்களில்கூட அவனால் தலையைத் தூக்க முடியவில்லை.

கைத்தடி ஊன்றிய ஒரு பெண்மணி, "எனக்கு மூணாவது பாட்டு மட்டும் நல்லா இருந்தா போதும்" என்றாள்.

"மூணாவதுதான் ரொம்ப மோசம்" என்றான் அவன். "அக்கா அதைத்தான் தினம் பழகினாங்க."

"அவளுக்கும் அதுதான் பிடிக்குமா?" என்று கேட்டுவிட்டு, அவள் தட்டை மார்போடு அணைத்துக்கொண்டு நகர்ந்தாள்.

ஒரு பெண் அவன் கையில் டீயைக் கொடுத்து, பன்னையும் வைத்தாள். அவன் அதை மேசையோரத்தில் வைத்துவிட்டு அடுத்த பெயரைக் கேட்டான். வரிசை குறைந்துகொண்டே வந்தது. பெட்டியில் ஒரே ஒரு தட்டு மிச்சமிருந்தது. அது யாருடையது என்று வியாழக்கிழமையே அவனுக்குத் தெரியும். நடுவிலிருந்த காகிதத்தில் பெயரோடு, முதல் சம்பளம் என்றும் எழுதியிருந்தது. அந்தப் பதினொன்றில் எல்லாவற்றையும்விட மோசமானது அதுதான். மற்றவர்களுடையதைத் தொடப் பயந்து, முதல் வாரங்களில் அவள் தன்னுடையதில்தான் பழகியிருக்கிறாள். அதைப் பற்றி அவள் ஒருநாளும் பேச்செடுக்கவில்லை, அவனும் கேட்கவில்லை.

வரிசையின் கடைசியில் நின்றவள் மேசை முன்னால் வந்தாள்.

"செனெரீதா" என்றாள், அவனுக்குத் தெரியாத பெயர் மாதிரி. "என்னோடது?"

"போயிடுச்சுக்கா. ரெண்டு பக்கமும்."

"சத்தமாச் சொல்லு. பின்னால நிக்கறவங்களுக்குக் கேக்கல."

அவளுக்குப் பின்னால் யாரும் இல்லை. பெலெனாதோ எழுந்து நின்று, இன்னொரு தடவை, சத்தமாகச் சொன்னான்.